கறுப்பனுக்கு வந்த நோட்டீஸ்

1

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரில் சொல்வீர்கள். கண்டியில் என் வீட்டில் தை பிறந்தால் நாய்க்கு நோட்டீஸ் வருகிறது. போன வாரமும் வந்தது. "கறுப்பு நிறம், ஆண், நாட்டு நாய். இந்த வருஷத்து வில்லையை இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை. உடனே பெற்றுக்கொள்ளவும்." நாய் செத்து மூன்று வருஷமாகிறது. அதைக் கொன்ற கந்தோர்தான் நோட்டீஸும் அனுப்புகிறது.

கந்தோர் என்றால் இங்கே ஆபீஸ். எந்தக் கந்தோர் என்று பெயர் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அந்தப் படி ஏறி இறங்க வேண்டியவன். இந்தப் பத்திரிகை கப்பலேறிக் கண்டிக்கு வராது என்று யார் கண்டது?

இந்தச் சீமையில் நாய் வளர்த்தால் வருஷம் ஒரு தரம் பதிந்து, பித்தளையில் ஒரு வில்லை வாங்கிக் கழுத்தில் கட்ட வேண்டும். வில்லை இல்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் தரம் நான் பதியப் போனபோது குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்தபடியே "என்ன ஜாதி?" என்று சிங்களத்தில் கேட்டான். எங்கே போனாலும் நம்மிடம் கேட்கிற கேள்விதானே என்று "இந்தியத் தமிழன்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு "நாட்டு நாய்" என்று எழுதிக்கொண்டான். கால் மணி நேரத்தில் கறுப்பன் கண்டி நகரத்து நாயாகிவிட்டான். நானோ இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும், நிரந்தரவாசி என்று ஒரு காகிதம் கேட்டு எழுதிக் கொடுத்து, அது எந்த மேசையில் கிடக்கிறது என்றே தெரியாமல் இருக்கிறேன். சர்வஜன வாக்குரிமை வந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டியிருக்கிறது.

நாய் செத்த முதல் வருஷம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் "நாய் இல்லை, செத்துவிட்டது" என்றேன். அத்தாட்சி கேட்டார்கள். "கொன்றது நீங்கள்தானே" என்றேன். "அது சுகாதாரப் பகுதி. இது வில்லைப் பகுதி" என்றார்கள். சுகாதாரப் பகுதியில் கேட்டால், நாய்க்கு மரணச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இல்லையாம். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் ஒரு கேள்வி: "நாய் இறந்திருந்தால், இறந்த காரணம்."

என் தொழில் பெட்டிஷன் எழுதுவது. கோர்ட்டுக்கு எதிரே ஒரு விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உலகத்தில் உள்ள எந்தப் படிவத்தையும் நிரப்புவேன். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு வருஷமாக வெறுமையாக விட்டுக்கொடுத்தேன். "முழுமையாக நிரப்பப்படவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. இந்த வருஷம் நிரப்பப் போகிறேன். அதற்கு முன் ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2

ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு பூங்கா இருக்கிறது. வெள்ளைக்காரன் காற்று வாங்கப் போட்டது. வாசலில் இங்கிலீஷில் ஒரு பலகை. நாய்களைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பலகை தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் எழுதியது என்றுதான் அங்கே வருகிற ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நானும்தான்.

எழுதாத சட்டமும் ஒன்று இருந்தது. விடிந்ததும் துரைமார் வீட்டு நாய்கள், வேலைக்கார அப்புமாரின் கையில் வரும். அவை இறங்கிப் போன பிறகு, ஒல்லாந்தர் வழியில் வந்த, ஓய்வுபெற்ற ஒரு பறங்கி தன் இரண்டு குட்டைக்கால் நாய்களோடு வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டுப் பற்ற வைப்பார். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்கள். எங்களுக்குள் மேல் பெஞ்சு யாருக்கு, கீழ் பெஞ்சு யாருக்கு, யார் நாய் எந்த மரத்தடியில் காலைத் தூக்கலாம் என்பதிலெல்லாம் ஓயாத பூசல். யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். சங்கிலியைச் சுண்டுகிற விதத்திலேயே தெரியும்.

நம் ஊரில் இந்த வம்பே கிடையாது. தாமிரபரணிக் கரையில் எங்கள் தெருவில் நாய்க்குச் சொந்தக்காரன் என்று யாரும் இருந்ததில்லை. அன்றைக்குச் சோறு வைத்த வீடு எதுவோ, அன்றைக்கு அந்த வீட்டு நாய். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நாய் செத்தாலும் கேட்க ஆளில்லை என்பதும் அதில் அடக்கம்.

கறுப்பனை என் மகள் கோமதிதான் கொண்டு வந்தாள். மஹய்யாவாவில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஈன்ற குட்டி. உச்சி முதல் வால் நுனி வரை கறுப்பு. நெற்றியிலும் பாதத்திலும் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. என் மனைவி ஆவுடை, "ராத்திரி நடக்கும்போது மிதிச்சிரப் போறோம், வேண்டாம்" என்றாள். ஒரு மாதத்தில் அவள் கையால் சோறு வைத்தால்தான் அது தின்னும் என்று ஆகிவிட்டது.

3

கீழ் பெஞ்சுக்காரர் செல்லத்துரையர். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எங்கள் தெரு முனையில்தான் வீடு. ஜிம்மி என்று வெள்ளை நிறத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சீமை நாய் வைத்திருந்தார். அதற்கு இங்கிலீஷில்தான் கட்டளை. "சிற்" என்றால் உட்காரும். நான் தமிழில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது.

ஒரு நாள் காலை ஜிம்மி சங்கிலி இல்லாமல் பாய்ந்து வந்து கறுப்பனின் இடது காதைக் கடித்துப் பிய்த்துவிட்டது. பறங்கி சுருட்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். பூங்காவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். செல்லத்துரையர் மெல்ல வந்து தன் நாயைத் தூக்கிக்கொண்டார்.

"உங்கடை நாயைச் சங்கிலியிலை பிடியுங்கோ. தெரு நாயளையெல்லாம் பார்க்குக்குக் கொண்டந்தால் இப்பிடித்தான்" என்றார்.

"என் நாய்க்கும் வில்லை இருக்கு" என்றேன்.

"வில்லை கழுத்திலைதானே இருக்கு, ரத்தத்திலை இல்லையே" என்றார். பிறகு திரும்பி நடந்தபடியே, "வந்த இடத்திலை அடக்கமாய் இருக்கோணும்" என்றார்.

அதை ஜிம்மியிடம் சொன்னாரா, கறுப்பனைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு என்னைத்தான் சொன்னார் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்தியர்கள் வந்து வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம். பேப்பரில் வந்ததையெல்லாம் அவர் வாயில் வைத்துக் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறிக் கண்டிக்கு வந்த அவரும் வந்த இடத்தில்தான் இருக்கிறார் என்பது அந்தக் கோபத்தில் தோன்றவில்லை. அன்றோடு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. கறுப்பன் காதில் ஒரு வெட்டு நின்றுவிட்டது.

கோமதிக்கு மட்டும் அந்த வீட்டில் போக்குவரத்து நிற்கவில்லை. செல்லத்துரையரின் மனைவி பாக்கியம் அவளுக்குப் பின்னல் ஊசி பழக்கிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் சிங்களம், அந்த வீட்டில் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டுக்கு என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. "ஏட்டி, வாரியா?" என்றால் "ஓம் அப்பா, வாறன்" என்பாள். ஆவுடை சிரிப்பாள். எனக்குப் பொறுக்காது. எதிரி வீட்டுப் பேச்சு என் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டதே என்றிருந்தது.

4

பிறகுதான் வெள்ளிக்கிழமை விஷயம் என் கண்ணில் பட்டது.

வெள்ளிக்கிழமைகளில் காலை கோர்ட்டில் கூட்டம் அதிகம். பூங்காவுக்குக் கறுப்பனைக் கூட்டிக்கொண்டு போவது கோமதி. அன்றைக்கு மட்டும் நாய் மத்தியானச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிடும். ஒரு வாரம் கண்டேன், விட்டுவிட்டேன். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அதன் வாயைப் பிடித்து முகர்ந்தேன். எண்ணெய் வாடை. மிளகு வாடை. அன்று சாயங்காலம் அது முற்றத்தில் வாந்தி எடுத்தது.

"கோமதி, நாய்க்கு யாரும் ஏதாச்சும் போட்டாங்களா?"

"தெரியாது அப்பா."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பெட்டிஷன் எழுதுகிறவனிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பொய் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? யாரோ பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளி, கோர்ட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவின் பின்பக்கமாக ஏறினேன். மேட்டில் ஒரு பெரிய நாக மரம். அதற்குப் பின்னால் பாக்கியம் குனிந்து நிற்கிறார். கையில் வாழை இலைப் பொட்டலம். எதிரே என் கறுப்பன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். என் காலடிச் சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். கோமதி கண்ணில் படவில்லை. பூப் பறிக்க அந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

எட்டிக்கொட்டையைப் பொடித்து எண்ணெய்ப் பலகாரத்தில் வைத்து நாய்க்குப் போடுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சந்தேகம் வராது. மிளகு எதற்கு? கசப்பு தெரியாமல் இருக்க. எல்லாம் பொருந்திவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே ஒரு சேலை பேயாகத் தெரிந்தது.

காசிம் நானாவிடம் சொன்னேன். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கண்டியில் துணிக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் போகிற வழியில் என் மேசையில் பத்து நிமிஷம் உட்காருவார்.

"கண்ணால கண்டீங்களா, நஞ்சு வச்சத?" என்று கேட்டார்.

"பொட்டலத்தைக் கண்டேன் நானா. என்னைப் பார்த்ததும் ஏன் மறைக்கணும்?"

"அதப் போய் அவங்ககிட்டயே கேளுங்களேன். ஒரு தெருதானே."

"கேட்டால் ஒத்துக்கொள்வார்களா?"

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "ஐயா, நாய் வாய் வச்ச பாத்திரத்த நாங்க ஏழு தரம் கழுவுவோம். நீங்க மனசுல வச்சிருக்கிறத எத்தன தரம் கழுவப் போறீங்களோ தெரியல்ல" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

இவரும் அவர்கள் பக்கம் போய்விட்டாரோ என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் துணியெல்லாம் அவர் கடையில்தான் எடுப்பார்கள்.

5

மொட்டைப் பெட்டிஷன் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களை நான் விரட்டிவிடுவேன். பெயர் போட யோக்கியதை இல்லாதவன் ஏன் எழுத வேண்டும் என்று உபதேசமும் செய்வேன். அன்றைக்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதே காரியத்தைச் செய்தேன்.

இங்கிலீஷில் எழுதினேன். இடது கையால், பெரிய எழுத்துகளில், என் கை என்று தெரியாதபடி. பூங்காவுக்கு வரும் இன்ன வீட்டு வெள்ளை நாய் சில நாளாக நுரை தள்ளுகிறது, கண் சிவந்திருக்கிறது, விசர் நாயோ என்று ஊரார் பயப்படுகிறார்கள், பிள்ளைகள் நடமாடும் இடம், துரையவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். எல்லாம் பொய். படித்துப் பார்த்தேன். கொஞ்சம் பலம் போதாது போலிருந்தது. நிஜமான ஒரு சம்பவம் இருந்தால்தான் பெட்டிஷன் நிற்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: "மேற்படி நாய் ஏற்கனவே வேறொரு நாயைக் கடித்துள்ளது."

தபாலில் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

நான்காம் நாள் காலை சுகாதாரப் பகுதி இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு எங்கள் தெருவுக்கு வந்தார். முதலில் ஜிம்மியைப் பிடித்தார்கள். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நேரே என் வாசலுக்கு வந்தார்கள். சன்னலைச் சாத்தினேன். எழுதியவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் வந்தது எனக்காக இல்லை. வெள்ளை நாய் கடித்த நாய் எது என்று பூங்காவில் விசாரித்திருக்கிறார்கள். பறங்கி உள்பட எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பன் காதில் அத்தாட்சியும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனுஷர். பொறுமையாக விளக்கினார். சந்தேகப்பட்ட நாயைப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்றால் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் அது கடித்த நாய்க்கு விஷம் ஏறியதா என்று மாதக் கணக்கில் தெரியாது. அத்தனை நாள் வைத்திருக்க இடமில்லை. ஆகவே அதை அழித்துவிடுவதுதான் முறை.

"கடித்தது எப்போதோ. காயம்கூட ஆறிவிட்டது" என்றேன்.

"பெட்டிஷனில் தேதி இல்லையே" என்றார்.

நான்தான் தேதி போடவில்லை. கோமதி நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஆவுடைதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கறுப்பன் ஒன்றும் செய்யவில்லை. பூங்காவுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். தானாக வண்டியில் ஏறிக்கொண்டான்.

6

மறுநாள் காலை செல்லத்துரையர் என் மேசைக்கு வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் எனக்கு அந்தப் பெட்டிஷனைக் காட்டினவர்" என்றார்.

"அப்படியா?"

"முப்பது வருஷம் தபால் கந்தோரிலை இருந்தனான். மொட்டைக் கடிதம் எத்தினை பாத்திருப்பன். ஒருத்தனும் கடைசியிலை 'தங்கள் மனுதாரன் கடமைப்பட்டவனாய் என்றென்றும் பிரார்த்திப்பான்' எண்டு முடிக்கமாட்டான். காகிதத்தை நீளவாட்டிலை மடிச்சு, முதுகிலை விஷயம் இன்னதெண்டு எழுதவும்மாட்டான்."

பேனாவைக் கீழே வைத்தேன். இருபது வருஷப் பழக்கம். கையை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன். முடிவு வரியை மாற்றத் தோன்றவில்லை. அந்த வரி இல்லாமல் ஒரு பெட்டிஷன் முடியும் என்றே எனக்குத் தெரியாது. கோர்ட்டு விறாந்தையில் பெட்டிஷன் எழுதுகிறவர்கள் மூன்று பேர். பூங்காவுக்கு நாய் கொண்டு போகிறவன் நான் ஒருவன்.

"நான் அதைப் பற்றிக் கதைக்க வரேல்லை" என்றார் அவர். "என்ரை நாய் பத்து நாளிலை வந்திடும். உங்கடை நாயைத்தான் கொல்லப் போறாங்கள். இண்டைக்கே ஒரு மனு எழுதுங்கோ. கடிச்சது எட்டு மாசத்துக்கு முந்தி, ஜிம்மிக்கு நோய் ஒண்டுமில்லை எண்டு நான் கையெழுத்து வைக்கிறன். அந்தப் பெட்டிஷன் பொய் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்."

அந்த இடத்தில் எழுதியிருந்தால் இந்தக் கதை இல்லை. என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இது பொறி. நானே என் கையால் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அதை வைத்து இவன் என் தொழிலைக் கெடுப்பான். நிரந்தரவாசிக் காகிதம் கேட்டவன் பொய்ப் பெட்டிஷன்காரன் என்று மேலே போட்டுக்கொடுப்பான். என் நாய்க்காக இவன் ஏன் கவலைப்பட வேண்டும்? எந்த யாழ்ப்பாணத்துப் போஸ்ட்மாஸ்டர் ஒரு தெரு நாய்க்காகக் குடை பிடித்துக்கொண்டு வருவான்?

"யோசித்துச் சொல்கிறேன். வியாழக்கிழமை வாருங்கள்" என்றேன். அன்று செவ்வாய்.

"வியாழன் வரைக்கும் வைச்சிருப்பாங்களோ தெரியாது" என்றார். குடையை எடுத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை காலை கோமதி பள்ளிக்கூடம் போகவில்லை. நஞ்சு வைத்தார்கள் என்று முந்தின ராத்திரி ஆவுடையிடம் நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறாள். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"மாமி நஞ்சு வைக்கேல்லை அப்பா. வடை வைச்சவா. நான்தான் கறுப்பனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் வந்த அண்டு மரத்துக்குப் பின்னாலை ஒளிச்சிட்டன்."

செல்லத்துரையரின் ஒரே மகன் மலாயாவில் ரயில்வேயில் வேலை. மஞ்சள் காமாலை என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதமாகக் கடிதமே இல்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்த மனுஷனுக்குக் கடிதம் வரவில்லை. பாக்கியம் வைரவருக்கு நேர்ந்துகொண்டார். எட்டு வெள்ளிக்கிழமை மிளகு வடை சுட்டு, வைரவரின் வாகனமான நாய்க்கு வைப்பதாக. அந்த நாய் ஒரு பொட்டு வெள்ளையும் இல்லாத கறுப்பு நாயாக இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருப்பதோ வெள்ளை நாய். கண்டி முழுக்கத் தேடியும் அப்படி ஒரு நாய்தான் கிடைத்தது. பேச்சில்லாத வீட்டு நாய்.

"கேட்டா நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்றேன்.

"மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டு மாமிக்குப் பயம். மறுத்தால் நேர்த்தி பிழைச்சுப் போகுமாம். அதாலைதான் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவா." அழுதுகொண்டே சொன்னாள். "ஏழாவது வெள்ளி முடிஞ்ச மறுநாள் கடிதம் வந்திட்டுது அப்பா. அண்ணா சுகமாய் இருக்கிறாராம். இன்னும் ஒரு வெள்ளிதான் இருக்கு."

நான் சட்டையைப் போட்டுக்கொண்டே மேசையில் உட்கார்ந்தேன். வலது கையால் எழுதினேன். மேற்படி மொட்டைப் பெட்டிஷனை எழுதியவன் நான்தான். அதில் உள்ளது பொய். வெள்ளை நாய்க்கு நோய் எதுவும் இல்லை. என் நாயை விட்டுவிடக் கோருகிறேன். கீழே முழுப் பெயர், விலாசம், கையெழுத்து. முடிவு வரி எழுதவில்லை. பிரார்த்திக்க எனக்கு என்ன அருகதை?

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கந்தோரில் ஒரு குமாஸ்தா வாங்கி, படிக்காமலே முத்திரை குத்தி வைத்துக்கொண்டான். அங்கிருந்து நாய்க் கொட்டடிக்குப் போனேன். காவலுக்கு இருந்தவன் மாடசாமி, எங்கள் மஹய்யாவாவில் துப்புரவுக்காரர்கள் குடியிருக்கும் லயத்து ஆள். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"காலையிலேயே முடிஞ்சு போச்சுங்க ஐயா" என்றான். "ஒண்ணும் கஷ்டப்படல. நான் கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கிட்டு வந்துச்சு."

வில்லையைக் கழற்றி வைத்திருந்தான். தண்ணீர் விட்டுத் துடைத்துத்தான் என் கையில் கொடுத்தான்.

ஒரு நாள். இரண்டு நாள் கூட இல்லை. நாயைக் கொன்றது என் பெட்டிஷன் என்று சொல்லிக்கொள்வேன். அதுகூடப் பாதி உண்மைதான். செவ்வாய்க்கிழமை ஒரு மனுஷன் என் எதிரே உட்கார்ந்து உதவி செய்கிறேன் என்றபோது அவன் மூஞ்சியைப் பார்த்து நம்ப எனக்கு வராமல் போனதே, அதுதான் கொன்றது.

என் ஒப்புதல் காகிதத்துக்கு இன்று வரை பதில் இல்லை. யாராவது படித்தார்களா, எந்தக் கட்டில் கிடக்கிறது, ஒன்றும் தெரியாது. நிரந்தரவாசிக் காகிதமும் வரவில்லை. இரண்டும் ஒரே கட்டில் கிடக்கின்றனவோ என்று சில ராத்திரி தூக்கம் வராமல் யோசிப்பேன். புத்தி எங்கே போகும்?

7

முதன்முதல் இங்கே வரும்போது, கப்பலேறுவதற்கு முன் மண்டபம் முகாமில் என்னைக் கம்பிவேலிக்குள் சில நாள் வைத்திருந்தார்கள். நோய் கொண்டு போகிறேனா என்று பார்க்க. நம்மிடம் ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரியும். அதை அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருந்தது, அவர்கள் பார்க்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த எட்டாவது வெள்ளிக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. கோமதி விடியற்காலையிலேயே எழுந்து போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் தனியாகப் பூங்காவுக்கு ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சட்டைப் பையில் வில்லை இருந்தது.

நாக மரத்தடியில் மூன்று பேர் நின்றார்கள். செல்லத்துரையர், பாக்கியம், என் மகள். பாக்கியத்தின் கையில் அதே வாழை இலைப் பொட்டலம். இந்தத் தரம் அவர் மறைக்கவில்லை. நான் கிட்டப் போய் நின்றேன். கீழே ஏரிக்கரையில் வண்டி மாட்டு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னை மன்னிக்கணும்" என்றேன். இங்கிலீஷிலும் தமிழிலும் ஆயிரம் பேருக்காக எழுதிய சொல். எனக்காகச் சொல்வது அதுவே முதல் தரம்.

"நானும் உங்களைக் கேட்டிருக்கோணும்" என்றார் பாக்கியம். "வாசலுக்கு வந்து ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அந்தச் சீவன் இருந்திருக்கும். நீங்கள் என்ன சொல்லுவியளோ எண்டு நானும் பயந்துபோனன்." அவர் கண் கலங்கியிருந்தது. "நேர்த்தியைக் குறையிலை விடேலாது. வேறை கறுப்பு நாய் இல்லை. அதை வளத்த வீடு உங்கடை வீடு. அந்தச் சோத்துக்கு உரித்து இனி உங்களுக்குத்தான். நீங்களே எடுங்கோ."

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். இரண்டு வடை. இன்னும் சூடு ஆறவில்லை. எண்ணெய் வாடையும் மிளகு வாடையும் மூக்கில் ஏறின. அன்று கறுப்பன் வாயில் முகர்ந்த அதே வாடை.

ஒன்றை எடுத்தேன். வாய்க்குக் கொண்டு போனேன். இத்தனைக்கும் பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, அந்த அம்மாளின் கண்ணீரைப் பார்த்த பிறகு, என் கை ஒரு கணம் நின்றது. நான் நிறுத்தவில்லை. தானாக நின்றது. செல்லத்துரையர் பார்வையைத் திருப்பி ஏரியைப் பார்க்கத் தொடங்கினார்.

கோமதி பார்த்துவிட்டாள். என் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாதேங்கோ அப்பா. நான்தான் அரைச்சனான்."

கடித்து மென்று விழுங்கினேன். கொஞ்சம் உப்புக் குறைவு. இரண்டாவதையும் எடுத்துத் தின்றேன்.